அவசரக்குடுக்கைக்கு ஒரு எடைச்சீட்டு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

பதினேழு தடவை போன் செய்து பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் யார் அனுப்பியது என்று உறையைத் திருப்பிப் பார்ப்பாயே, அதுவரைக்குமாவது என் கையெழுத்து உன் கண்ணில் படட்டும்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அக்டோபரில் நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அப்பாவின் கட்டிலைக்கூட மடக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தாய். நாலு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். "சாப்டியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாய். அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்குச் சொன்னதையே மறுபடி சொல்கிறேன். சோதனைக் கூடத்துக்குள் போன் எடுத்துப் போக முடியாது. வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். ஐந்து நாளும் அங்கேயே மடக்குக் கட்டிலில்தான் படுக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே வந்து அலமாரியைத் திறந்தபோதுதான் உன் தகவலைப் பார்த்தேன். அப்போது அப்பா போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

இங்கே எல்லாம் பழையபடிதான். அந்த ஐந்து நாளில் சேர்ந்த பதிவுகளை உட்கார்ந்து அலசிக்கொண்டிருக்கிறேன். என் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், யாரும் இல்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கையைத் தூக்கி ஆட்டுகிறேன். பார்க்கிறவர்கள் யாருக்கோ டாட்டா காட்டுகிறேன் என்று நினைப்பார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்பாவுக்கு இந்த வேலையை நான் விளக்கிச் சொன்ன நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய தகடு ஒன்றின் மேல் அணுக்கருக்களை வேகமாக மோதவிடுகிறோம். எப்போதாவது ஒரு மோதலில் புதிதாக ஒரு அணுக்கரு பிறக்கும். ஒரு நொடியைக் கோடிப் பங்கு போட்டு, அதில் ஒன்றை எடுத்து மறுபடி கோடிப் பங்கு போட்டால் கிடைக்கிற துளி நேரம்கூட அதற்கு ஆயுசு கிடையாது. பிறந்த வேகத்தில் சரிபாதி இரண்டாக உடைந்துவிடும். "பொறந்ததும் போயிடுதா? சரியான அவசரக்குடுக்கையா இருக்கானே!" என்றார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். "அவசரக்குடுக்கை மாட்டினானா?"

இப்போது அதைக் கேட்க ஆள் இல்லை. இரண்டு வரியாவது எழுது.

அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

உறையைத் திருப்பிப் பார்த்தேன். கிழிக்கவில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் அப்பா திட்டுவார், அதற்காக எழுதுகிறேன். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வந்த வண்டியை வந்தது என்று எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். காலையில் ஏழு மணிக்கு எடை மேடைக்கு வந்துவிடுகிறேன், சாயங்காலம் ஆறுக்குக் கிளம்புகிறேன். வீட்டில் போய் என்ன செய்வது என்று தெரியாததால் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்.

வண்டி வராத நேரத்தில் நானே மேடையில் ஏறி நிற்பேன். லாரிக்காகச் செய்த தராசு. இருபது இருபது கிலோவாகத்தான் எண் மாறும். நான் ஏறினால் அறுபது என்று காட்டும், உடனே எண்பது என்று காட்டும், மறுபடி அறுபது. யாரோ நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரிகிறது. எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருடமாக இந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். "பாதி லோடுதாண்ணே" என்று டிரைவர் சொல்வதை நான் எழுதுவதில்லை. எண் பலகை காட்டுவதைத்தான் எழுதுகிறேன். அதனால் உன் அலமாரிக் கதையை என்னிடம் சொல்லாதே.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் உனக்கு அனுப்பியது இது: "அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. ஆஸ்பத்திரில சேத்துட்டேன். உடனே கிளம்பி வா." அனுப்பிய இருபதாவது நிமிஷம் பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாக மாறிவிட்டன. யாரோ திறந்து படித்திருக்கிறார்கள். என் கடிகாரத்தில் காலை பத்து மணி பத்து நிமிஷம். உன் ஊர் மூன்றரை மணி நேரம் பின்னால், அப்படியானால் உனக்குக் காலை ஆறு நாற்பது. பூட்டிய அலமாரிக்குள் இருந்த போன் தானே படித்துக்கொண்டதா?

அப்பா போனது வியாழக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு. செவ்வாயே கிளம்பியிருந்தால் புதன்கிழமை மத்தியானம் நீ அவர் பக்கத்தில் இருந்திருப்பாய். அந்த நாலு நாளும் நான் பேசாமல் இருந்தது நீ வராததற்காக இல்லை. வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல் அந்த அலமாரிக் கதையைச் சொன்னதற்காக.

ஒரே ஒரு கேள்வி. படித்தாயா இல்லையா? நேராகப் பதில் எழுது. சுற்றி வளைப்பதானால் தபால் செலவு வேண்டாம்.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பி,

படித்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு மூன்று நாள் காகிதத்தை மேஜையிலேயே வைத்திருந்தேன். இதற்கு மேல் எழுதுவது எதுவும் சமாதானம் போலத்தான் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், கேள்.

கருவியை ஓட்டும் அறையில் தனியாக இருந்தேன். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. படித்ததும் எழுந்து கதவு வரைக்கும் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்பா அதற்கு முன் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியவர். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஐந்து நாள் இயந்திரம் என் கைக்குக் கிடைக்க இரண்டு வருடம் வரிசையில் நின்றிருக்கிறேன். விட்டால் இன்னொரு இரண்டு வருடம். இதையெல்லாம் கணக்குப் போட்டேன் தம்பி. கணக்குத்தான் போட்டேன், அதை மறைக்கவில்லை.

போனை அணைத்து மேஜைக்குள் போட்டவள் வெள்ளிக்கிழமைதான் திரும்ப எடுத்தேன். உன் தகவல் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இயந்திரத்தை ஓட்டும் பொறியாளர் நல்ல மனிதர். கேட்டிருந்தால், "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றிருப்பார். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. அவர் தேநீர் கொண்டுவந்து வைத்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார். தலைவலி என்றேன். அந்த வாரம் நான் சொன்ன முதல் பொய் அது. அலமாரி இரண்டாவது.

கொஞ்சம் கிடைத்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். இருபது அவசரக்குடுக்கை மாட்டினால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார், நான் விமானம் ஏறிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு எல்லை வைத்திருந்தேன். இருபதுக்கு மேல் ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

அந்த அவசரக்குடுக்கையை நேராகப் பார்க்க முடியாது. உடைந்த இரண்டு துண்டுகளைத்தான் பிடிக்க வேண்டும். உள்ளங்கை அகலச் சிலிக்கான் தகடு ஒன்றை வைத்திருக்கிறோம். முன்பக்கம் மெல்லிய பட்டைகள் நெடுக்காக, பின்பக்கம் குறுக்காக. துண்டு விழுந்த பட்டை சத்தம் போடும். ஒரே கணத்தில் இரண்டு பட்டைகளில் இரண்டு துண்டுகள் விழுந்தால், அவற்றின் ஆற்றலையும் இடைவெளியையும் வைத்து, இரண்டும் ஒன்றாக இருந்து பிரிந்தவைதானா என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஒரே துண்டு இரண்டு பட்டைகளின் நடுவே விழுந்தாலும் இரண்டுமே சத்தம் போட்டுவிடும். அதனால், அக்கம்பக்கத்துப் பட்டைகள் இரண்டும் சேர்ந்து சத்தம் போட்டால் அதை எண்ணாதே என்று கணினிக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். இந்த வேலையில் எல்லோரும் வைக்கிற விதிதான்.

திங்கள் முழுக்கக் கருவிகளைப் பொருத்துவதிலேயே போனது, மோதல் தொடங்கியதே செவ்வாய்க் காலையில்தான். செவ்வாய் மத்தியானம் திரையில் சைபர். சாயங்காலம் சைபர். இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம், இன்னும் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தேன். புதனும் போனது. வியாழனும் போனது. வெள்ளிக்கிழமை இயந்திரத்தை நிறுத்தியபோதும் அதே சைபர். நாலு மாதமாக விதவிதமாக அலசிவிட்டேன். ஒன்றும் இல்லை.

எதற்காக வராமல் இருந்தேனோ அதுவும் கிடைக்கவில்லை. நீ திட்டு. திட்டினால் நன்றாக இருக்கும்.

அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

நேராக எழுதினாய். அதற்கு நன்றி. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் அலமாரிக் கதைதான்.

கடைசியில் ஒரு சைபருக்காகவா அக்கா? நூறோ ஆயிரமோ கிடைத்தது என்று நீ எழுதியிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன் போலிருக்கிறது. சைபர் என்று படித்ததும் வயிறு எரிந்தது. அப்பாவுக்காகக் கொஞ்சம், உனக்காகவும் கொஞ்சம். உனக்காக எரிந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பக்கத்தில் பாதி மிச்சமிருக்கிறது. வெறும் காகிதத்தை அனுப்ப மனசு வரவில்லை, இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

போன வாரம் காலையில் ஒரே மூடுபனி. கூண்டின் கண்ணாடியில் ஈரம் படிந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஒரு ஜல்லி லாரி மேடையில் ஏறியது. பத்து டன் என்று காட்டியது. சீட்டு அடித்துக் கொடுத்தேன். மத்தியானம் கட்டடக்காரர் ஆள் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். "என்னண்ணே, கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாப்பீங்களே, எட்டு டன் வண்டிக்கு பத்துன்னு அடிச்சிருக்கீங்க?" விசாரித்தால், அந்த லாரிக்காரன் பின்னால் பழுதான குட்டியானை வண்டி ஒன்றைச் சரக்கோடு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறான். கயிறு ரொம்பக் குட்டை. இரண்டும் ஒட்டிக்கொண்டே மேடையில் ஏறியிருக்கின்றன. ஜன்னலில் இருந்து பார்த்த எனக்கு ஒரே நீள வண்டி.

பதினோரு வருடத்தில் முதல் தடவை. எடை தப்பில்லை, மேடை சரியாகத்தான் சொன்னது. எத்தனை வண்டி என்று எழுதியதில்தான் நான் கோட்டை விட்டேன். கொஞ்சம் இடைவெளி விட்டு வந்திருந்தால் பார்த்திருப்பேன். முதலாளி மூன்று நாளாக என்னை "ரெட்டை வண்டி" என்று கூப்பிடுகிறார்.

எனக்கு உன் வேலை தெரியாது. ஆனால் சைபர் என்றால் வண்டியே வரவில்லை என்று எப்படி முடிவு கட்டினாய்? வந்த இரண்டையும் ஒன்று என்று எழுதி ஓரம் தள்ளியிருந்தால்? தெரியாமல்தான் கேட்கிறேன். தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு.

தம்பி

*

மார்ச் 28

தம்பி,

"ரெட்டை வண்டி" என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. சிரித்து முடித்து அடுத்த வரியைப் படித்ததும் உட்கார முடியவில்லை.

கயிறு குட்டை என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் நின்றேன். உடைந்த துண்டுகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில்தான் பறந்து வரும். போகப் போகத்தான் விலகும். அதற்காகவே தகட்டை முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்துச் செய்த திட்டம் அது. அத்தனை தூரம் வந்து சேர்வதற்குள் நாலைந்து பட்டை விலகியிருக்கும். தகடு தள்ளித்தான் இருந்தது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. என்றாலும் மனசு கேட்கவில்லை. அந்த வாரத்துக் குறிப்பேட்டை எடுத்தேன். அக்டோபருக்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. அந்தத் தேதிகளைப் பார்க்கப் பிடிக்காமல், கணினியில் இருந்த பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார். என் கையெழுத்துத்தான். கோணல்மாணலாக இருக்கிறது. "காலை 6.52. தகடு 35-லிருந்து 9 செ.மீ.க்கு முன்னே. சீக்கிரம் சேரட்டும்."

நான் படித்தது ஆறு நாற்பதுக்கு என்று நீயே எழுதியிருந்தாய். பன்னிரண்டு நிமிஷம் கழித்துத் தகட்டை முன்னே நகர்த்தியிருக்கிறேன். உள்ளே ஒரு மோட்டார் கை இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் நகரும். கிட்டே வைத்தால் நிறைய விழும், இருபது சீக்கிரம் சேரும், சீக்கிரம் கிளம்பலாம். அதற்காகத்தான். சத்தியமாக எனக்கு இது ஞாபகமே இல்லை. கதவு வரைக்கும் போனது ஞாபகம் இருக்கிறது, திரும்பி வந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது, பொத்தானை அழுத்தியது இல்லை. விதியை மாற்றவும் தோன்றவில்லை. அத்தனை கிட்டத்தில் துண்டுகள் விலக இடம் ஏது? எல்லாம் அக்கம்பக்கத்துப் பட்டைகளில் விழுந்திருக்கின்றன. நான் வைத்த விதி அத்தனையையும் ஒன்று ஒன்று என்று சொல்லி ஓரம் தள்ளியிருக்கிறது.

ஒதுக்கியதையெல்லாம் திரும்ப எடுத்து, தகட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரே துண்டு நடுவில் விழுந்திருந்தால் பின்பக்கம் ஒரு குறுக்குப் பட்டைதான் சத்தம் போட்டிருக்கும். செவ்வாய்க்கிழமையின் பதிவுகளில் பல இடத்தில் பின்பக்கமும் இரண்டு. ஆற்றல் சரிபாதி. கணக்கும் ஒத்துப்போகிறது.

அவன் வந்திருக்கிறான். வந்துகொண்டே இருந்திருக்கிறான். நான்தான் சைபர் சைபர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை முதல் நாளை மட்டும் எண்ணியிருக்கிறேன். இருபதாவது ஜோடி விழுந்தது செவ்வாய் சாயங்காலம் நாலே கால். அன்று ஏழரைக்கு ஒரு விமானம் இருந்தது. விதவிதமாகத் தேடிப் பார்த்து வைத்திருந்தேன், எண்கூட மனப்பாடம். சீக்கிரம் வர வேண்டும் என்று தகட்டை நகர்த்தினேன். நகர்த்தியதால் சைபர். சைபர் என்பதால் வரவில்லை.

அப்பா பெயர் வைத்தது சரியான ஆளுக்கு இல்லை. அவசரக்குடுக்கை நான்தான்.

எனக்காக நியாயம் பேசவில்லை தம்பி. எழுந்து போக வேண்டியவள் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன், அது மாறாது. நீ வாய்ப்பேச்சை நம்புகிறவன் இல்லை என்பதால் பக்கத்தின் நகலை அனுப்புகிறேன், அவ்வளவுதான். மீதி நாட்களை இன்னும் எண்ணவில்லை. எண்ணக் கை வரவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 16

அக்கா,

அந்த நகலைக் கூண்டின் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். டிரைவர்கள் கேட்கிறார்கள். "என்னண்ணே இது, ஒரே கிறுக்கலா இருக்கு?" எங்கள் அக்காவின் எடைச்சீட்டு என்று சொல்லி வைத்தேன்.

ஆறு நாற்பது, ஆறு ஐம்பத்திரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நடுவில் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் நீ அந்த அறையில் என்ன பாடுபட்டிருப்பாய் என்று நினைத்தேன். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் எண்பது காட்டியது இப்போது அறுபதுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

நீ இரண்டு பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டாய். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மூக்கில் குழாய், பேச்சு காற்றாகத்தான் வந்தது. கையைப் பிடித்து என்னைக் கிட்டே இழுத்தார். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று காதைக் கொண்டுபோனேன். "எத்தனை மாட்டுச்சாம்?" என்றார்.

என்னை "சாப்டியா" என்று கேட்கவில்லை. தூங்கினாயா என்று கேட்கவில்லை. இரண்டு நாளாக நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தவன் நான். நாலு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் கேட்டது உன்னை. உன்னைக்கூட இல்லை, உன் அவசரக்குடுக்கையை.

உன்னிடமிருந்து பதிலே இல்லை. அவரிடம் என்ன சொல்வது? "நூறு மாட்டிருச்சாம்ப்பா. இப்பதான் பேசினேன். கிளம்பிட்டா, நாளைக்கு வந்துருவா" என்று சொன்னேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. "நூறா!" என்றார். டிப்போவில் ஒரு நாள் எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்துவிட்டது என்று வந்து சொல்வாரே, அந்த முகம். "பாத்தியா, புடிச்சுட்டா" என்றார். அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. காலை பதினொன்று ஐந்து வரைக்கும் அந்த முகத்தோடுதான் இருந்தார்.

நான் பேசாமல் இருந்ததற்கு அலமாரிக் கதை ஒரு காரணம். இது இன்னொன்று. கடைசியாகக் கேட்டது உன்னை, கடைசியாகச் சந்தோஷப்பட்டது உன்னால், நீயோ அங்கே இல்லவே இல்லை. நானோ பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லி அனுப்பி வைத்தேன். வாழ்நாள் முழுக்க வண்டி வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை என்று எழுதிய மனுஷன். அவருக்குக் கடைசியாக நான் கொடுத்தது பொய்ச்சீட்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. தட்டு மட்டும் இரண்டு எடுத்து வைக்கிறேன், பழக்கம்.

இதை எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வருகிறது. நீ மீதி நாட்களை எண்ணினாயா? எண்ணாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி

*

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இங்கே விளக்கு மூன்று தடவை அணைந்தது. மூன்றாவது தடவை இருட்டிலேயே அழுது தீர்த்தேன். அப்புறம் கையை ஆட்டிவிட்டு, உட்கார்ந்து எண்ணினேன்.

முதலில் உன் விஷயம். அப்பா உன்னை எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் இருந்தவனைப் பற்றி அவர் என்ன கேட்பார்? டிப்போவில் நிற்கிற வண்டியைப் பற்றி அவர் யாரையும் கேட்டதே இல்லை. வராத வண்டியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருப்பார். நீ இருந்தாய் தம்பி. நான் வர வேண்டியவளாகவே இருந்துவிட்டேன். இதை உனக்கு ஆறுதலுக்காக எழுதவில்லை, எனக்கு உறைத்ததால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறியாளர் காரணம் கேட்டார், இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். ஸ்டேஷனுக்கு வராதே, நானே வந்துவிடுவேன். இரண்டாவது தட்டை எடுத்து வைத்தால் போதும்.

மொத்தம் நூற்று எழுபத்துநாலு. ஒன்றுக்கு நாலு தடவை சரிபார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது விழுந்த நேரம் இருக்கிறது. எல்லாவற்றையும் உன் ஊர் நேரத்துக்கு மாற்றி அச்சடித்து இதோடு அனுப்புகிறேன். நீ பலகையைப் பார்த்துத்தானே நம்புவாய், பார்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, அப்பா உன் கையைப் பிடித்துக் கேட்டபோது, அறுபத்தெட்டு சேர்ந்திருந்தது. பட்டியலில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது பக்கத்தில் வட்டம் போட்டிருப்பதைப் பார். நூறாவது. வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பத்தெட்டு. அப்பா அப்போது இருந்தார்.

நீ பொய் சொல்லலடா. கொஞ்சம் அவசரப்பட்டுட்டே, அவ்வளவுதான்.

அக்கா